எண் நாற்பத்தொன்று

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
மிக்சி மோட்டார்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
மீரான் பாய் தூக்கிப் போட்ட சாவியை
நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கினேன்.
பித்தளை. உள்ளங்கை நீளம்.
வளையத்தில் அடித்திருந்தது: 41.
"பீரோ சாவியாம்மா?"
ரயில்வே கேட்டினுடையது என்று சொல்லியிருந்தால்
ஐந்நூறு கேட்டிருப்பார்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் கூட்டம் மொத்தமே நான்கு பேர்.
சாயப்பட்டறைத் துளசிராம், நகக்கண்ணில் எந்நாளும் நீலம்.
பல்செட் செய்யும் அருள்சகாயம்;
கேட்டும் ஸ்டேஷனும் பேசிக்கொண்ட பழைய தொலைபேசியைக்
குளியலறையில் மாட்டி
சோப்பு கேட்கக் கைப்பிடி சுற்றுகிறவர்.
கல்லூரியில் கணக்கு எடுக்கும் வெள்ளைத்தாய்க்கு
கேட் விளக்கின் சிவப்புக் கண்ணாடி மட்டும் போதும்,
விளக்கு வேண்டாம்.
நான் எக்ஸ்ரே எடுப்பவள். அண்ணா நகர், இரவு ஷிப்ட்.
இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம்
நாங்கள் கோபப்படுவதில்லை.
பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

துளசிராமிடம் பூட்டு ஒன்று கிடந்தது.
கருமாத்தூர்ப் பக்கம் மீட்டர்கேஜைப் பெயர்த்தபோது
எடைக்கு வாங்கியது, ஒன்பது கிலோ.
பதினோரு வருடம்
சுங்குடிச் சேலைகளின் மேல் பாரமாய் இருந்தது.
அன்று பெயிண்டைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்.
அவர் எண்ணைச் சொன்னபோது
என் மேசையில் யாருடைய முழங்காலோ படுத்திருந்தது.
"அசையாதீங்க" என்றேன்,
யாரிடம் என்று தெரியாமல்.

பூட்டையும் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன்.
வெள்ளையாய் ஒரு கட்டி.
இரும்பு தன் வயிற்றைக் காட்டவில்லை.

இதன் நியாயம் இவ்வளவுதான்:
கேட் இறங்கி அதன் நாக்கு உள்ளே போனால்தான்
சாவி வெளியே வரும்.
சாவி வெளியே வந்தால்தான் கைகாட்டி இறங்கும்,
ரயில் வரும்.
சாலை திறந்திருக்கும்வரை
பூட்டு சாவியைக் கவ்விக்கொண்டிருக்கும்.
கேட்மேன் குடித்திருக்கலாம், தூங்கலாம்,
பொய் மட்டும் சொல்ல முடியாது.

கைத்தறி நகர்ப் பட்டறையில்
மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், பிறகு கெட்ட வார்த்தை.
மாலை நாலரைக்குச் சாவி சுற்றியது.
கைதட்டக் கை தூக்குமுன்
உள்ளிருந்து ஒரு துண்டு விழுந்தது:
கேட்டின் நாக்கு.
பூட்டியபடியே இருந்த கேட்டை
கேஸ் வைத்து அறுத்திருக்கிறார்கள்.
பதினோரு வருடமும் சேலைகளுக்கு மேலே
அது ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறது.

பார்த்துக்கொண்டிருந்தபோதே துண்டு உருண்டு
சாயச் சாக்கடையில் போனது.
முழங்கை வரை நீலமாகத் துழாவினோம்.
இல்லை.
சாவியை இழுத்தேன். வரவில்லை.
வராது. வராமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள்.
நூற்றிருபது ரூபாய்ப் பித்தளை
இப்போது துளசிராம் வீட்டுச் சொத்து.
அவர் காபி கொடுத்தார்.
கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

பதினெட்டாம் நாள் அருள்சகாயம்
பஞ்சில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார்.
பூட்டின் வாய்க்கு அச்சு எடுத்து
பல்செட் பிளாஸ்டிக்கில் வார்த்த நாக்கு,
ஈறு நிறத்தில்.

"இது ஏமாத்து" என்றேன்.
"அதுக்குக் கேட்டே தெரியாது,
நாக்கு மட்டும்தான் தெரியும்.
அன்னைக்கும் அப்படித்தான்" என்றாள் வெள்ளைத்தாய்.
துளசிராம் ஒன்றும் சொல்லாமல்
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் வைத்தேன். நான்தான் சுற்றினேன்.
சாவி வெண்ணெயில் கத்திபோல் வந்தது.
அவ்வளவு சுலபமாக வந்திருக்க வேண்டாம்.

இப்போது சாவி என் யூனிபார்ம் பையில்.
இரவு இரண்டரைக்கு
யாரோ ஒருவரின் விலா எலும்புகளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது
தொடையில் இடிக்கிறது.
கைத்தறி நகரில், ஈரச் சேலைகளுக்கு அடியில்
ஒரு கேட் மூடியிருக்கிறது.
போடி வண்டி எதுவானாலும்
தாராளமாகப் போகலாம்.