உறவுமுறை: தமக்கை

ஒரு கதிரைதான் இருந்தது.
என்னை இருக்கச் சொன்னார்கள்,
பேர் என்னுடையது என்றபடியால்.
சுபோதினி கண்ணாடிக் கதவுக்கு வெளியே
பிள்ளையின் செருப்பு வாரைக்
கொழுவிக்கொண்டு நின்றாள்.

சின்னராசா வசந்தமலர்.
உறவுமுறை: தமக்கை.
பங்கு: நூறு வீதம்.
அவனுடைய எழுத்து. 'ர'வுக்கு வால் நீளும்.
இருபத்துமூன்று வயது, ரிப்பர் ஓடத் தொடங்கின கையோடு
கிறவல் ரோட்டால் வந்த முகவர் ஒருவன்
பொனற்றின்மேல் படிவத்தை விரித்தானாம்.
"ஆற்ற பேரைப் போட?"
அப்போது அவனுக்கு
நான் மட்டும்தான்.

பிறகு அவள் வந்தாள்.
அந்தத் தாலிகட்டுக்கு நான் போகவில்லை.
ஏன் என்று இப்போது கேட்டால்
ஒரு காரணமும் கைக்கு வருகுதில்லை.

கோயிலில் கட்டினது. பதியவில்லை.
அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஐந்து வருசம்.
பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில்
பெற்றார் விவாகமானவர்களா என்ற கூட்டில்
இல்லை என்றிருக்கிறது,
தட்டச்சில், கறுப்பாய்.

மரணசாசனமோ?
முப்பத்துநாலு வயதில் எவன் எழுதுகிறான்?
தேராவில் வளைவில் மணலோடு பிரண்டபோது
அவனிடம் இருந்தது
லீசிங் முடியாத ரிப்பர், அதை அவங்கள் இழுத்துப் போனாங்கள்.
பேமிற் காணி அரை ஏக்கர்,
பின்னுரித்துக் கூட்டில் ஒருவரும் இல்லை.
திரை வெடித்த போன்.
சட்டத்தரணியின் கிளாக்கர்
முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று
விரல் மடித்துக்கொண்டே போனார்.
சுபோதினிக்கு வரமுதல்
விரல் முடிந்துவிட்டது.

"காப்புறுதி அதுக்குள்ள வராதக்கா.
அது நேர உங்களுக்கு.
எட்டு லட்சத்து இருபதாயிரம்."

பொய் சொல்லமாட்டேன்.
முதலில் எனக்குள் ஓடினது
வியாழன்தோறும் வரும் நுண்கடன்காரனின் முகம்.
அதுக்குப் பிறகு மகளின் தோடு, அடகில்.
தம்பி மூன்றாவதாய்த்தான் வந்தான்.

கட்டின துண்டுகள் இருக்கோ என்றார் மனேச்சர்.
நான் வெளியே பார்த்தேன்.
அவள் உள்ளே வந்து
ஒரு மா பேணியைத் திறந்தாள்.
நாலு வருசத் துண்டுகள், றப்பர் வளையம் போட்டு.
அவனுக்கு ஓட்டம் இல்லாத மாதங்களில்
கச்சான் வித்துக் கட்டினதாம்.
ஒன்றில் எண்ணெய் ஊறித்
தொகை தெரியவில்லை, திகதி தெரிந்தது.

"என்ர பேரெண்டு தெரியுமோ?"
"தெரியும்.
மாத்தச் சொல்லி ஒருக்கா கேட்டனான்.
மாத்துவம் எண்டவர்."
பேணி மூடியை
இரண்டு தரம் அமத்தி மூடினாள்.

ஒப்பம் வைத்தேன், மூன்று இடத்தில்.
என்ன நினைத்து வைத்தேன் என்று
இன்னும் எனக்கே தெளிவில்லை.

புதுக்குடியிருப்பு பஸ். மூன்று பேருக்கும் ஒரு சீற்.
காசோலை என் பையில்,
பை பிள்ளையின் மடியில்.
நித்திரையிலும் அவன் அதன் வாரை விடவில்லை.
எனக்கு விசுவமடு, அவர்களுக்கு உடையார்கட்டு.
ரிக்கற் நான்தான் எடுத்தேன்.
கொண்டக்ரரிடம் சில்லறை இல்லை.
ரிக்கற்றின் பின்பக்கத்தில்
மிச்சம் 340 என்று கிறுக்கித் தந்தான்.
"இறங்கமுதல் கேட்டு வாங்குங்கோ அக்கா,
நான் மறந்துபோவன்."

விசுவமடுவில் பஸ் நின்று எடுத்தது.
நான் எழும்பவில்லை.
அடுத்த வளைவு
தேராவில்.