கருத்துப் பதிவேடு

எண்ணெய்க் குத விரிவாக்கம்:
சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை
முப்பது நாள் மேசையில் கிடக்கவேணும்.
களவு போகுமெண்டு சங்கிலி போட்டிருந்தம்.

ஒரேயொருவர் வந்தார்,
இருபத்தொன்பதாம் நாள்,
பின்னேரம் நாலே கால்.
கையில் சோடாப் போத்தல்,
அளவெட்டிக் கிணற்றுத் தண்ணி.

"ஆட்சேபனை எழுத்திலதான் எடுப்பம், ஐயா."
சட்டம் அப்படி. நான் லிகிதர்.

"எழுத்திலயோ?"
சிவகடாட்சம் மூடியைத் திருகினார்.
விரலைத் தோய்த்துப்
பதிவேட்டின் முதற்பக்கத்தில் ஊன்றினார்.

அவர் போனபிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தண்ணி காய்ந்தது.
மற்றது காயவில்லை.
அந்த வட்டத்துக்குள்ளால் தெரிந்தது
இரண்டாம் பக்கம்;
அதில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

'கிடைக்கப்பெற்றது' முத்திரையை
அதன்மேலேயே குத்தினேன்.
மை பிடிக்கவில்லை.
இன்னொருக்கால் குத்தினேன்.