இரட்டைக்கிளவி

டிக்கிக்குள் படுக்கிற அளவுக்கு
ஒல்லியாக இருப்பதால் எனக்கு இந்த வேலை.
முழங்காலை மார்போடு மடித்து,
பஃபிள் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிக் கன்னத்தை வைத்து,
"மூடுங்க" என்பேன்.
அஸ்மிர் தன் கையாலேயே மூடினான்,
பிள்ளை தூங்கும் அறையைச் சாத்துவதுபோல.

பாட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
பாட்டுக்குள் குற்றவாளிகள் ஒளிந்துகொள்வார்கள்.
ஒரே ஒரு முனகல் போதும்,
இருபது ஹேர்ட்ஸில் தொடங்கி
சுமைலொறி களனிப் பாலம் ஏறுவதுபோல
மெல்ல, மெல்ல.

இருபத்தெட்டில் நம்பர் பிளேட் வாய் திறந்தது: கிர்ர்கிர்ர்.
முப்பத்தொன்றில் ஜாக்கி: லொடலொட.
முப்பத்தாறில் பின்கண்ணாடித் தட்டு படபடக்க
அதன் மடியில் பிரேக் லைட்: கிணுகிணு.
இருட்டில் கையை நீட்டி ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
அழுத்தினால் அடங்குவது எதுவோ
அதன் மேல் சோக்கட்டியால் ஒரு கோடு.

எதுவும் தனியாகக் கத்துவதில்லை.
இரண்டு சேர்ந்து தொட்டும் விட்டும் இருந்தால்தான் சத்தம்.
நடுவில் விரல்கடை ஸ்பொஞ்ச் வை,
இரண்டும் வெறும் தகரம்.
ஆண்டு பத்தில் படிப்பித்த இரட்டைக்கிளவியும் இதுதான்.
சலசல சரி. சல என்றால் ஒன்றுமில்லை.
ஓ.எல்.லில் தமிழுக்கு எனக்கு எஸ்.
இந்த ஒரு விதி மட்டும் கையோடு தங்கிவிட்டது,
பசை நாற்றம் மாதிரி.

மூன்று நாள்.
மூடியின் உட்தோலை உரித்து, எண்ணெய் போகத் துடைத்து,
பியூட்டைல் தாளைச் சூடுகாட்டி உருளையால் அழுத்தினேன்.
பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பொஞ்ச்,
உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப்.
ஜாக்கிக்கு என் பழைய சாரத்தில் ஒரு சுற்று.
பஞ்சிகாவத்தையில் விற்காத பொருள் அது ஒன்றுதான்.

"இன்னும் அடிக்குது" என்றான் அஸ்மிர்.
ஓம். நாற்பத்திரண்டில்.
சளசளவென்று, எங்கேயோ, நிறைய.
கூரையை அழுத்தினேன். தூணை அழுத்தினேன்.
சீட் பெல்ட்டின் குமிழை வாயில் கடித்துப் பார்த்தேன்.
அடங்கவில்லை.
வியர்வையோடு வெளியே இறங்கினால்
எதிர்க்கடைச் சுவரில் பியதிலக்க மாட்டியிருந்த
அறுபது வீல் கப்பும்
திருவிழாக் கூட்டம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தன.
"மொகத மல்லி மே!" என்று அந்த மனுசன்
இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அஸ்மிர் சிரித்த சிரிப்பில்
பேசிய கூலிக்கு மேலே இரண்டாயிரம் தந்தான்.
கதவை மூடினான். டொப்.
ஈரச் சுவரில் கை வைத்த சத்தம்.
கார் பூனைபோல மருதானைப் பக்கம் திரும்பியது.

கொட்டாஞ்சேனை. மூன்றாம் மாடி.
இரவு பதினொன்றரை.
முதலில் செம்புத் தண்ணீரில் வட்டம்.
பிறகு யன்னல் கிடுகிடுவென்றது,
அலுமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன,
சுவரில் மாதாவின் படம் ஆணியோடு ஏதோ முறையிட்டது.
டெல்பின் எழும்பிக் குந்தினாள்.
"பூமி அதிருதோ?"
"இல்லை. நாற்பத்திரண்டு."

எட்டிப் பார்த்தேன்.
கீழே அதே கார், ஊர்ந்தபடி.
அதிலிருந்து ஒரு கிர்ர் இல்லை, ஒரு லொட இல்லை.
என் வேலை சுத்தம்.
அங்கே நான் பிடுங்கிய சொற்களெல்லாம்
படியேறி வந்து
வீடு வீடாகக் குடியிருந்தன:
மேலே ரொட்ரிகோ வீட்டில் படபட,
கீழே டியூஷன் டீச்சர் வீட்டில் லொடலொட,
எங்கேயோ ஒரு கைக்குழந்தை, அது வேறு இலக்கணம்.

களிசான் பொக்கெட்டில் துண்டு ஸ்பொஞ்ச் கிடந்தது.
யன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினேன்.
எங்கள் வீடு வாயை மூடியது.
டெல்பின் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

நான் படுக்கவில்லை.
இந்தக் கட்டடத்தில் எழுபத்திரண்டு யன்னல்.
கடையில், ரோலில் மிச்சம்
நாலு அடி.