நடக்காத ஒன்றுக்கான படிவம்

மஞ்சள் அலுமாரியின் திறப்பு என்னிடம்.
பதவி உயர்வு என்று யாரும் சொல்லவில்லை.
ஒரு திறப்பு, ஒரு கொப்பி,
அரை நாள் வகுப்பு, கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ்.
போன மார்கழியிலிருந்து
பூர்க்டோர்ஃப் தளபாடப் பட்டறையில்
எரியக்கூடியவை எல்லாவற்றுக்கும்
நான்தான் கணக்குப்பிள்ளை.

தின்னர் மூன்று கலன். அசிற்றோன் ஒன்று.
வார்னிஷ், மூடி இறுகியதும் இறுகாததும்.
ஒரு நாளைக்கு வேண்டியது மட்டும் மேசைக்குப் போகும்,
மிச்சம் மாலையில் வீடு திரும்பும்.
ஒழுகினால் ஏந்தக் கீழே ஒரு தட்டம்;
அதில் ஒருமுறை யாரோ
தன் எலுமிச்சைத் தேநீர்ப் போத்தலை வைத்திருந்தான்.
குளிராக இருக்குமாம்.

கதவு தானே சாத்திக்கொள்ளும் வகை.
சாத்தவிடாமல் ஆப்புச் செருகுவது ஷ்பெண்ட்.
நான் பிடுங்குவேன். அவன் செருகுவான்.
பதினொரு ஆப்புகள் இப்போது என் லாச்சியில்,
எல்லாம் நல்ல ஓக் மரம்.

எரிவது திரவமல்ல, அதன் மூச்சு
என்றார்கள் வகுப்பில்.
மூச்சு காற்றைவிடப் பாரம்.
தரையோடு தரையாக ஊர்ந்துபோய்
நாலாவது மேசைக்குக் கீழே
பழைய ஹீட்டரைத் தேடிப் பிடிக்கும்.
அன்றிலிருந்து நான்
எல்லாருடைய சப்பாத்துகளையும் பார்த்தபடி நடக்கிறேன்.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே.
எங்கள் வீட்டில் இதைச் சொன்னது
டியூஷன் முடிந்து பெடியன்களோடு கதைத்து நின்றதற்கு.
அந்தப் பழமொழிக்கு ஆளிவிதை எண்ணெய் தெரியாது.
அதில் தோய்ந்த பஞ்சுத்துணிக்குப்
பக்கத்தில் ஒருவரும் வரத் தேவையில்லை.
மடித்து இருட்டில் வைத்தால் போதும்,
காயக் காயத் தனக்குள்ளேயே சூடேறும்.

வெள்ளிக்கிழமை.
ரேட்டோ புதியவன், சுத்தக்காரன்.
மற்றவர்கள் மூடியுள்ள இரும்பு வாளிக்குள் எறிவதை
அவன் கைக்குட்டை போல நாலாக மடித்து
மர லாச்சிக்குள் அடுக்கியிருக்கிறான்.
"திங்களுக்குத் துணி மிச்சம் பிடித்திருக்கிறேன்"
என்று மாடிப்படி ஏறியபடி சொன்னான்.
பட்டறைக்கு மேலேதான் அவன் அறை.
நல்லது, நல்ல வார இறுதி, என்றேன் நானும்.

அவன் சொன்னதன் அர்த்தம்
இரண்டாம் மேடையில்தான் என்னை வந்தடைந்தது.
ரயிலும் அப்போதுதான் வந்தது.

ஓடினேன்.
லாச்சியைத் திறந்தால்
புகை இல்லை. பொறி இல்லை.
கருகிய மீனெண்ணெய் போல ஒரு வாடை மட்டும்.
கை வைத்தேன்.
யாரோ இப்போதுதான் எழுந்துபோன
கதிரையின் சூடு.

கிடுக்கியால் எடுத்துத் தண்ணீருக்குள்,
ஒன்று, இரண்டு, ஒன்பது.
லாச்சியையும் உருவி முற்றத்துச் சரளையில் வைத்து
அதன் எதிரே குந்தியிருந்தேன்.
மேலே ரேட்டோ குளிக்கும் சத்தம்.
தேவாலய மணி ஏழடித்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
அதை முழுவதுமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது.
திங்கள் கூட்டத்தில் சொன்னேன்,
எவர் முகமும் சுடவில்லை.
புகை வந்ததா? இல்லை.
சுவாலை? இல்லை.
அப்படியென்றால்? என்றது ஒரு கோப்பிக் கோப்பை.
ரேட்டோ மட்டும் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது,
நடந்திருக்கக்கூடியதை எழுத.
சம்பவம் நடந்த நேரம்: நடக்கவில்லை.
காயமடைந்தோர்: இல்லை.
சேதம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
ஐந்து முப்பத்தெட்டு ரயில்
என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை
அலுமாரிக் கதவில் பன்னிரண்டாவது ஆப்பு.
இம்முறை வால்நட்.