கடுகு கேட்காது

சவுரஸ்தா சந்தை மாடியில்
புத்தகக்கடை நானா எட்டு வெள்ளி என்றார்.
ஆறுக்குப் படிந்தது.
அட்டையோடு தலைப்பும் போயிருந்தது.
எழுதியவர் பெயரைப் பூச்சி தின்றிருந்தது.
மிச்சம்:
நற்குடி ஸ்திரீகள் அனுசரிக்க வேண்டிய
நூற்று நாற்பது ஒழுங்குகள்,
நடுநடுவே கறை போக்கும் முறைகள்.

நான் ஸ்திரீ இல்லை.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினோராம் மாடி, தனி ஆள்.
வீட்டில் துடைப்பம் பிடிப்பவர் எவரோ
அவருக்குத்தானே புத்தகம் என்று
கோப்பி பொட்டலத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.

முதல் தாளில் மசியில் ஒரு பெயர்:
ம. சௌபாக்கியம், டத்தோ கிராமாட் ரோடு, 1937.
பிறகு ஓரமெல்லாம் பென்சில்.

‘துரைமார் தேநீருக்கு வந்திருக்கையில்
தும்மல் நேரிடுமாயின்
மேலுதட்டை மெல்லக் கடித்து
சக்கரவர்த்தியின் பட்டாபிஷேகத்தைத்
தியானிக்கவும்.’
பென்சில்: தியானித்தேன். இரண்டாகத் தும்மினேன்.

‘டெலிபோனில் பேசுமுன்
முந்தானையைச் சரிசெய்துகொள்க.
காணாவிடினும் குரலில் தெரிந்துவிடும்.’
இதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை.
நான் எழுதியிருப்பேன்.
மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி,
தினம் காலை ஒன்பதுக்குக் கணினி முன்
சிங்கப்பூர் மேலாளரிடம் குரலில் பிடிபடாமல்
நாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

‘டுரியான் அருந்திய வாயுடன்
நீதிஸ்தலம், ஆலயம், மாமியார் சமூகம்
இம்மூன்றையும் அணுகலாகாது.’
வாங்கி வந்ததே அவர்தான்.

‘ரிக்‌ஷாவில் செல்லுகையில்
இழுப்பவன் முதுகை நோக்காது
சமுத்திரத்தை நோக்குதல் கௌரவம்.’
இங்கே பென்சில் அழுத்தி, தாள் கிழிய:
முதுகுதான் தெரிகிறது.

அதற்குமேல் கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.
எழுந்து போய் அரிசி களைந்தேன்.

‘நாயகர் பத்திரிகை வாசிக்கையில்
அடுக்களையில் ஓசை எழலாகாது.
கடுகு முதலானவற்றை
முன்னதாகவே தாளித்து முடிக்கவும்.’
கடுகு கேட்காது.

இரண்டே சொல். வாய்விட்டுச் சிரித்ததில்
எதிர்வீட்டு ஊய் அம்மாவின் நாய் குரைத்தது.

அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு அறுபத்து மூன்று.
நடுவே ஒரு தாளை
சவரக்கத்தியால் அறுத்தமாதிரி
ஓரம் வைத்து எடுத்திருக்கிறாள்.
பொருளடக்கத்தைப் புரட்டினேன்.
பக்கம் அறுபத்தொன்று:
கோபமுற்ற நாயகரைச் சாந்தப்படுத்தும் உபாயம்.
அதன் முதுகில், அறுபத்திரண்டு:
மூட்டைப்பூச்சி நிர்மூலம்.

எந்தப் பக்கத்துக்காக அறுத்தாள்?
அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தால்
எந்த முகம் வெளியே பார்த்திருக்கும்?

அறுபத்து மூன்றின் ஓரத்தில்,
வெள்ளிக் கரண்டி துலக்கும் வகைக்கு மேலே,
சம்பந்தமில்லாமல் ஒரு சொல்:
பலித்தது.

நூற்று நாற்பதில்
அவளுக்குப் பலித்தது அது ஒன்றுதான்.

ஒன்பது வருஷம் நானும் நாயகராக இருந்திருக்கிறேன்.
பத்திரிகை இல்லை, கைப்பேசி.
வனஜா தாளிக்கும்போது
நிமிராமல் கதவைக் காலால் சாத்தியிருக்கிறேன்.
இப்போது ஈப்போவில் இருக்கிறாள்,
நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.
என்னையும் அவள் ஏதாவது தாளில் தேடியிருப்பாளோ,
தேடியிருந்தால்
அறுபத்தொன்றிலா, அறுபத்திரண்டிலா?

மணி பதினொன்று.
ரசத்துக்குக் கடுகு போட்டேன்.
கதவைத் திறந்தே வைத்தேன்.
வெடித்துத் தீரும்வரை நின்று கேட்டுவிட்டு,
எதற்கும் இருக்கட்டுமென்று
மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன்.

பூச்சி இல்லை.
நாயகரும் இல்லை.
2019 தேதியிட்ட தண்ணீர் பில் ஒன்று கிடந்தது,
கட்டாதது.