இருபத்தாறு பாகைக்குக் கீழே

மண்டபம் பார்க்கப் போகிற நாட்களில்
மருந்துக்கடைக் குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைச்
சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன்.
மெற்றில்டா கையைத் தட்டுவாள், ஒரே ஒரு தடவை.
சத்தம் எவ்வளவு நேரம் சுவரில் கிடக்கிறதென்று
கண்மூடி எண்ணுவாள்.
யூட் குனிந்து கதவிடுக்கை அளப்பான்.
பூனை நுழையும் அகலம் அவனுக்கு மனப்பாடம்.

கே.கே.எஸ். வீதிக் கலியாண மண்டபத்தில்
முதலாளி கேட்டார்:
"எத்தினை இலை?"
பதினொரு ஹாம்ஸ்டர், பார்க்க அறுபது பேர் என்றோம்.
"எலியோ?"
எலி இல்லை. வால் கொஞ்சம்தான். கன்னத்தில் பை.
"வால் குறைஞ்சால் எலி இல்லையோ" என்றுவிட்டு
தையில் முகூர்த்தம், மாசியில் முகூர்த்தம்,
பங்குனியில் பெயின்ற் அடிக்கிறம் என்றார்.

கோயில் மண்டபத்துக் கணக்கப்பிள்ளை
எங்களை நன்றாகவே நடத்தினார்.
பிள்ளையாற்றை ஆக்களெல்லோ, கொண்டு வாங்கோ,
மச்சம் மட்டும் வேண்டாம்.
யூட்டின் பையில் இருந்தது
ஒரு டப்பா உலர்ந்த புழு.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
அதற்குள் மேளம் தொடங்கியது.
மெற்றில்டா கையைத் தட்டவே இல்லை.

கொக்குவிலில் ஒரு ரியூசன் கொட்டில், தகரக் கூரை.
மாலை ஐந்து மணிக்கு முப்பத்தைந்து.
முப்பதைத் தாண்டினால் மல்லாந்து கிடக்கும்,
தட்டினாலும் எழும்பாது என்றேன்.
"என்ரை பெடியளும் அப்பிடித்தான்" என்றார் வாத்தியார்.

அரியாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.
வடக்குப் பார்த்த ஜன்னல், வேம்பு, இருபத்தெட்டு.
ஒரு மின்விசிறி போதும் என்று நினைத்தோம்.
மேசைக்கு இடம் குறிக்கச் சோக்கட்டியோடு குனிந்த யூட்
குனிந்தபடியே நின்றான்.
தரையில் ஏற்கனவே கட்டங்கள் இருந்தன.
மங்கிய பச்சைப் பெயின்ற், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம்,
பதினேழில் மட்டும் "7 பேர்".
இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும்.
ஹாம்ஸ்டரைத் தனித்தனியே விடவேண்டும்,
ஒரு கூட்டுக்குள் இரண்டு வைத்தால் கடித்துக் கொன்றுவிடும்.
எல்லா மண்டபத்திலும் சொல்கிற வசனம்தான்,
அங்கே சொல்லவில்லை.
அதிபருக்கு நன்றி சொல்லிவிட்டு
சைக்கிளை உருட்டிக்கொண்டே சந்திவரை வந்தோம்.

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் பதினொன்று.
குளிர் கூடினாலும் உறங்கிவிடும், செத்ததுபோல.
"அப்ப இதுகளுக்கு என்னதான் ஒத்துவரும்?"
கேட்டவர் மெற்றில்டாவின் மாமன்.
பதில் சொல்ல எங்களிடம் ஓர் இலக்கம்தான் இருந்தது.

கடைசியில், ஆஸ்பத்திரிக்குப் பின் ஒழுங்கையில்
ஒரு மலர்ச்சாலை.
ஏசி. தடித்த திரை. கதவடியில் ரப்பர்.
வெப்பமானி இருபத்துநாலில் நின்றது.
மெற்றில்டா தட்டினாள்,
எண்ணத் தொடங்க முதலே சத்தம் கார்ப்பெற்றில் இறங்கிவிட்டது.
இரவு பத்துவரை திறந்திருக்கும்,
அவை கண்விழித்துச் சில்லு ஓடுகிற நேரம்.
மேசை இடுப்பளவு உயரம்,
சுற்றி நின்று குனிந்து பார்க்கத் தோது.
இங்கே வருகிறவர்கள் சொல்லாமலே மெல்லப் பேசுவார்கள்.

உரிமையாளர் தருமரத்தினம் கொப்பியை விரித்தார்.
"எத்தினை பெட்டி?"
பதினொன்று. ஒன்று சினை, கூடலாம்.
"சின்னப் பெட்டி" என்று எழுதிக்கொண்டார்.
வாடகை பாதி. பூ வேண்டாமென்றால் இன்னும் குறையும்.
ஒரே ஒரு நிபந்தனை:
அண்டைக்கு ஆராவது வந்தால்
அவைக்குத்தான் இடம்.

வருகிற மாதம் பதின்மூன்று, ஞாயிறு.

இப்போது பத்திரிகையை நான்
மரண அறிவித்தலில் இருந்து தொடங்குகிறேன்.
கடைக்கு யாரும் இருதயக் குளிசைச் சீட்டோடு வந்தால்
வயதைப் பார்க்கிறேன்,
குளிசையை இரண்டுதரம் எண்ணுகிறேன்,
சாப்பாட்டுக்குப் பிறகு, மறக்கவேண்டாம் என்கிறேன்,
ஞாயிறும் போடவேண்டும்
ஐயா, ஞாயிறு முக்கியம்.