அரைப்பேர்

கொழும்பிலிருந்து வந்த பதிவுத் தபாலை
நானே முத்திரை குத்தி நானே வாங்கினேன்.
கொட்டகலை உபதபாலகத்தில்
கொடுப்பவளும் பெறுபவளும் நான்.
புத்தகத்தில் இரண்டு இடத்திலும் ஒரே கிறுக்கல்.

மின்சாரப் பட்டியல்கள், ஓய்வூதியப் படிவம்,
குவைத்திலிருந்து ஒருத்தி அனுப்பிய பொதி
எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டு
பன்னிரண்டரைக்குத்தான் உறையைக் கிழித்தேன்.
ஆங்கிலத்தில் நான்கு பக்கம்.
புரிந்த ஒரே சொல் பொசிட்டிவ்.
பத்தாம் வகுப்பில் அதற்கு
நல்லது என்று எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

கண்டியில் டொக்டர் அம்மா
சிங்களத்தில், மெதுவாக, எனக்காக:
உங்களைப் போன்ற நூறு பெண்களில்
எழுபது பேருக்கு என்றாவது வரும்.
இரண்டையும் இப்போதே எடுத்துவிட்டால்
ஐந்தாறு பேருக்கு.
எடுக்காமல் வருடா வருடம்
படம் பிடித்துப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.
முடிவு உங்களுடையது.

அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில்
யாருக்கும் யாரும் சொன்னதில்லை.
கப்பலேற்றியபோது சொல்லவில்லை.
குடியுரிமையைப் பறித்தபோதும்
திருப்பிக் கொடுத்தபோதும் சொல்லவில்லை.
மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அம்மாவை
லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க்
கருத்தடை செய்து இறக்கிவிட்டார்கள்,
சொல்லவில்லை.
கினிகத்தேனை வளைவுகளில் பஸ் சாயச் சாய
அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்,
சூடு ஆறாத வடையைப் போல.

அம்மாவுக்கு நாளுக்குப் பதினெட்டுக் கிலோ.
அந்த வருடம் பதினாறு. பிறகு பதினான்கு.
இடது கை எழும்பாமல் வலக்கையால் மட்டும்
கொழுந்தெடுத்தாள்.
தராசடியில் அரைப்பேர் போட்டார்கள்.
பதினோரு அரைப்பேர் விழுந்த மாதத்தில்தான்
"நெஞ்சுல என்னமோ கட்டியாட்டம் இருக்கு" என்றாள்,
அதுவும் அக்காவிடம் மட்டும்.

அந்த நேசமலர் அக்கா இப்போது மஹரகமவில்
தலையில் துணி கட்டிக்கொண்டு
நான்காவது ஊசிக்குக் காத்திருக்கிறாள்.
"என்னைய யாராச்சும் முன்னாடியே கேட்டிருந்தா
ரெண்டு என்னடி, மூணு இருந்தாலும் குடுத்திருப்பேன்."
ஃபோனில் காசு தீரும்வரை சிரித்தோம்.

நல்லாயிருக்கிற உடம்பை யாராவது
வெட்டக் குடுப்பாங்களா என்றார் மாமியார்.
கவ்வாத்து மாதிரி நெனச்சுக்கங்க என்றார்
கிளினிக்கில் பக்கத்தில் இருந்த டீச்சர்.
கவ்வாத்து வெட்டிய செடி
மூன்று மாதத்தில் துளிர்விடும், டீச்சர்.
எனக்குத் துளிர்க்காது.
தேயிலையிடம் யாரும் படிவம் நீட்டுவதுமில்லை.

புவனேந்திரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டோரில் இரவு வேலை முடித்துத்
தூள் வாசத்தோடு வந்து படுத்தார்.
அவர் உள்ளங்கை வழக்கமான இடத்துக்கு வந்து
தயங்கி, எடுத்துக்கொண்டது,
வாடகை வீட்டுச் சுவரில்
ஆணி அடிக்க யோசிக்கிறவரைப் போல.
"வலிக்குமா?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இவை ஒரு தப்பும் செய்யவில்லை.
வினோஜா பதினாறு மாதம் குடித்தாள்.
குளிக்கும்போது குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.
என்ன சொல்வது என்று தெரியவில்லை.
வாளியில் சுடுதண்ணீர் ஆறிப்போனது.
பச்சைத் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டேன்.

சம்மதப் படிவத்தில்
பெயருக்கு விட்ட கோடு சின்னது.
அப்பா பெயரையும் என் பெயரையும்
பதிவுக்காரர் அன்று தப்பாக எழுதிய
அந்த ஒற்றெழுத்தோடு சேர்த்து
ஓரம்வரை நெருக்கி எழுதினேன்.
முழுப்பேர்.

வினோஜாவுக்குப் பதினொரு வயது.
பாதிக்குப் பாதி என்கிறார்கள்.
அவள் பெயருக்கு எழுதிய கடிதம் அது,
வந்துவிட்டதோ, இல்லையோ.
எத்தனையோ பேர் உறைகளை
விளக்கில் பிடித்துப் பார்த்தவள்தான் நான்.
இதைப் பார்க்கமாட்டேன்.
அவள் வளர்ந்து அவளே பிரிக்கட்டும்.

பதினேழாம் திகதி, புதன்.
ஓய்வூதியம் கொடுக்கும் நாள்.
கிழவர்கள் விடியவே வந்து வரிசையில் நிற்பார்கள்.
மாற்று ஆள் கேட்டு ஹட்டனுக்கு எழுதினேன்.
விடுமுறைக்கான காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எல்லாரும் எழுதுவதையே எழுதினேன்:
சொந்த வேலை.